மச்சான் பேசப் போன வியாழக்கிழமை

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தே ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கப் பழகிவிட்ட என் அக்காவுக்கு,

உன் தம்பி கோவிந்து எழுதுகிறேன். நலமா என்று உன்னிடம் கேட்க முடியாது. ஆனாலும் கை தானாக எழுதிவிட்டது. அங்கே முட்டிவலி இல்லாமல் இருக்கிறாய் என்றால் அதுவே போதும். நான் எட்டாம் வகுப்பில் பாதி வரைக்கும்தான் போனவன். மீதிப் பாதிக்கு என்னை வைத்துச் சமாளிக்க அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திராணி இல்லை. ஆனால் நான் பேனாவைக் கையில் எடுத்தால் பாடாலூர் வாத்தியார்கள் எல்லாம் தள்ளி நின்று வேடிக்கை பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததல்ல.

இதை ஊர் படிக்கிற மாதிரி எழுதச் சொன்னது உன் மகள் பூங்கொடிதான். "மாமா, எங்கிட்ட சொன்னத அப்படியே எழுதுங்க. இதப் படிச்சுட்டு யாராவது ஒருத்தர் போய்க் கதவத் தட்டினாப் போதும்" என்றாள். "அப்படியேவா?" என்று கேட்டேன். "கொஞ்சம் கொறச்சு" என்றாள். உன் வீட்டுக்காரரிடமும் கேட்டுக்கொண்டேன். "எழுதிக்க மாப்ள. எம்பேர மட்டும் போடாத" என்றார். அதனால் இந்தக் கடிதம் முழுக்க அவர் மச்சான்தான்.

முதலில் உன் சாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீ பார்க்கவில்லை அல்லவா. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்குக்கூட அவ்வளவு ஜனம் வந்ததில்லை. உன் தெருவில் இருந்து மெயின் ரோடு வரைக்கும் வண்டி நின்றது. சிமெண்டு லாரிக்காரர்கள் இறங்கி வந்து, யாருங்க தலைவரா என்று கேட்டார்கள். எங்க அக்கா என்றேன். துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். பூங்கொடி இதைப் படித்துவிட்டு ஒரு லாரிதான் நின்றது என்பாள். அவளுக்கு அன்றைக்குக் கண் எங்கே தெரிந்தது?

கருமாதி முடிந்ததும் பிறந்த வீட்டுக்காரன் செய்யவேண்டிய முறையை நான் ஒரு குறையும் இல்லாமல் செய்தேன். மச்சானைப் பாடாலூருக்கு அழைத்து வந்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கிடா வெட்டிக் கறிச்சோறு போட்டு, தோளில் புதுத்துண்டைப் போட்டு அனுப்பினேன். அந்தக் குழம்பின் வாசம் திருமானூர் வரைக்கும் போயிற்று என்று பஸ்ஸில் வந்தவர்களே சொன்னார்கள். அந்தச் சோறு இறங்கிவிட்டால் துக்கம் கழிந்தது என்று நமக்கு ஒரு கணக்கு. அதற்கப்புறம் அவர் முன்னால் உன் பேரை யாரும் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஆறின புண்ணைக் கிளறிய பாவம் வந்து சேரும்.

ஊரும் அப்படியே நடந்துகொண்டது. மச்சான் டீக்கடைக்குள் நுழைந்தால் எல்லார் பேச்சும் மழைக்குத் தாவும். பங்காளி ஒருவர் உன் படத்தைக் கூடத்தில் இருந்து கழற்றி உள் அறையில் மாட்டினார். பெண்கள் உன் புடவைகளை அவர் கண்ணில் படாமல் மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினார்கள். பேச்சுவாக்கில் யாராவது 'உங்க வூட்டுல' என்று ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அவர் தொடையைக் கிள்ளுவார். அத்தனையும் நல்ல மனசோடு செய்ததுதான், அக்கா. இப்படி எல்லாரும் சேர்ந்து பார்த்துப் பார்த்து உன்னை அந்த வீட்டில் இருந்து துடைத்து எடுத்தோம்.

மச்சான் பேச்சு குறைந்தது. முதலில் ஊர்க்கதை நின்றது, பிறகு மாட்டைத் திட்டுவது நின்றது. "ம்", "சரி", "வரேன்" என்கிற அளவில் வந்து நின்றார். பங்குனியில் நீ போனாய். ஆடி போயிற்று, ஆவணியும் போயிற்று, மழையும் நல்ல மழை. சுற்றிலும் மக்காச்சோளம் முழங்கால் உயரம் நிற்கிறது, நடுவில் உன் நிலம் மட்டும் கோரைப்புல் மண்டிக் கிடந்தது. ஆள் இளைத்து, வேட்டி இடுப்பில் நிற்காமல் அரைஞாண் கயிற்றில் சொருகிக்கொள்கிற நிலைமை. பெரம்பலூருக்கு வந்து தன்னோடு இருக்கச் சொன்னாள் பூங்கொடி. மாட்டை யார் பார்ப்பது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உன் மகள் ஊர் உலகத்துக்கே மனசுக்கு வைத்தியம் பார்க்கிறாள். சொந்த அப்பனை விட்டுவிட்டாளே என்று ஒருநாள் என் பஞ்சர் கடையைப் பூட்டிக்கொண்டு பெரம்பலூருக்கே போய்விட்டேன்.

நீ அவள் அறையைப் பார்த்ததில்லை. மாடியில் சின்னதாக ஓர் அறை. நான் ஏதோ ஸ்கேன் மெஷின் மாதிரி பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில், மூக்கைத் துடைக்கக் காகிதம், சுவரில் ஒரு கடிகாரம். அவ்வளவுதான்.

"ஏம்மா, வரவங்களுக்கு என்ன சொல்லுவ?"

"ஒண்ணும் சொல்லமாட்டேன் மாமா. கேட்டுக்கிட்டு இருப்பேன்."

"இதுக்காம்மா அத்தன வருஷம் படிச்ச? எங்க கடையில ஒக்காந்திருந்தாலே லாரிக்காரன் கதையெல்லாம் கேட்டிருக்கலாமே!"

"உங்க கடையில யாரு மாமா கேக்கறது? நீங்கதான பேசுவீங்க" என்று சிரித்தாள். உன் சிரிப்பு அப்படியே அவளிடம் இருக்கிறது, கவனித்தாயா?

அப்புறம் அவள் கொஞ்சம் தொழில் விஷயம் சொன்னாள். யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று நான் எத்தனை தரம் துருவியும் வாயே திறக்கவில்லை. பொதுவாகத்தான் சொன்னாள். இந்தப் பக்கத்து ஜனங்கள் மனசு சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வருவதே இல்லையாம். வாயு என்பார்கள், தலை பாரம் என்பார்கள், நெஞ்சுக்குள் கல் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார்கள். எல்லா டாக்டரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் அந்த மாடிப்படி ஏறுவார்கள். சில மாமியார்கள் மருமகளைக் கையோடு இழுத்து வந்து, இவளுக்கு என்னவோ ஆயிருச்சு, சரி பண்ணி வை, சாயங்காலம் வந்து கூட்டிக்கிட்டுப் போறேன் என்பார்களாம். கிரைண்டரை ரிப்பேருக்குப் போடுகிற மாதிரி.

"அழாதீங்க அழாதீங்கன்னு நம்ம ஆளுங்க சொல்றாங்கல்ல மாமா, அது அழறவங்களுக்காக இல்ல. பாத்துக்கிட்டு நிக்க நமக்கு முடியல, அதுக்காகத்தான்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு என்னவோ போல இருந்தது. உன் சாவு வீட்டில் நான் எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பேன்!

"அப்ப உங்கப்பாவுக்கு நீ ஏன் பாக்கல?" என்று கேட்டேன்.

"பாக்கக்கூடாது மாமா. நான் அவருக்குப் பொண்ணு. எதிர் நாற்காலியில நான் ஒக்காந்துட்டா அப்புறம் அவருக்குப் பொண்ணு யாரு?"

"சரி, அப்ப நான் பாக்கறேன்."

"நீங்களா?"

"ஏன்? டியூப்புல எங்க ஓட்டைன்னு தொட்டித் தண்ணியில அமுக்கி ஒரு நொடியில சொல்றவன் நான். சென்னையில இருந்து வரவன்கூட நம்ம பஞ்சர் கடையத் தேடி வரான்."

"ஒண்ணு செய்யுங்க மாமா. போயிக் கூட ஒக்காருங்க. சும்மா ஒக்காருங்க. சமாதானம் சொல்லாதீங்க, கோயிலுக்குப் போகச் சொல்லாதீங்க. முக்கியமா கத விடாதீங்க."

போனேன். மச்சான் வயலில் மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். வாங்க என்பதுபோலத் தலையை ஆட்டினார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா, சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்று உனக்குத் தெரியுமா? லாரி டயரைக் கையால் கழற்றுவது இதற்குத் தேவலை. கொக்கு ஒன்று வந்து நின்றது, பறந்து போயிற்று. எறும்பு ஒன்று என் கால்மேல் ஏறி இறங்கியது. நாக்கு உள்ளேயே துடித்தது. உன் பேரை எடுக்கக்கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு, கதை விடக்கூடாது என்று உன் மகள் கட்டுப்பாடு. ஒரு பீடி கரைகிற நேரம்கூடத் தாங்கியிருக்க மாட்டேன், இரண்டையும் ஒரே மூச்சில் உடைத்துவிட்டேன்.

"மச்சான், அக்கா ஒருக்கா திருமானூர் கல்யாணத்துக்குப் போயிட்டு டிராக்டர் ஓட்டிக்கிட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தேன். பஸ் நடுவழியில் நின்றுபோனது, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று வந்தது, டிரைவருக்குத் தலை சுற்றல், நீ சிவப்புப் பட்டுப்புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தாய், எதிரே வந்த போலீஸ்காரர் பயந்துபோய் சல்யூட் வைத்தார் என்று நன்றாகவே கட்டி எழுப்பினேன். சல்யூட் வரைக்கும் மச்சான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சொன்னார். "அவ டிராக்டரு ஓட்டல மாப்ள."

"ஓட்டலயா?"

"கரும்பு மேல ஒக்காந்து வந்தா."

"செவப்புப் பொடவையோட."

"செவப்பு இல்ல. ஊதா. புதுப் பொடவ. கரும்புத் தோகை கீறி ஓரமெல்லாம் கிழிஞ்சு போச்சு. நீ ஏன் என்னக் கூட்டியார வரலன்னு ஒரு மாசம் என்ன வஞ்சா. கண்ட கண்ட நேரத்துல ஞாபகம் வரும், ஒடனே வைவா." மூச்சு வாங்கிக்கொண்டார். "போலீசும் கெடையாது ஒண்ணும் கெடையாது. நீ ஏன்டா இப்படிப் புளுகற?"

அக்கா, நீ போனதற்கப்புறம் அந்த மனுஷன் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதும் இல்லை.

அதில் இருந்து எனக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன், போகிற வழியிலேயே ஒரு கதை தயாராகிவிடும். துணி காயப்போட்ட இடத்தில் புழுதியைக் கிளப்பிய லாரிக்காரனை நீ விரட்டிக்கொண்டு அரியலூர் வரை ஓடினாய் என்பேன். "அரியலூரா? பாலம் வரைக்கும்தான் ஓடினா. அதுவும் அவன் நிறுத்திட்டான், டீ வாங்கிக் குடுத்துட்டுத்தான் போனான்" என்பார். பெருமாள் கோயில் திருவிழாவில் நீ தொலைத்தது தங்கத் தோடு என்பேன். "செருப்பு" என்பார். "அதுவும் ஒத்தச் செருப்பு. மிச்ச ஒண்ண மூணு வருஷம் வச்சிருந்தா, ஜோடி வந்துரும்னு."

நான் எந்த அளவுக்குப் பெரிதாகக் கட்டினேனோ அந்த அளவுக்கு அவர் இறக்கி, உன்னை உன் உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ஒருநாள் போனபோது உன் படம் மறுபடியும் கூடத்தில் தொங்கியது. யார் மாற்றியது என்று நான் கேட்கவில்லை.

பூங்கொடியிடம் போனில் சொன்னபோது, "பொய் சொல்லியா மாமா பேச வச்சீங்க?" என்று கத்தினாள். பொய் இல்லம்மா, கொஞ்சம் மேல்பூச்சு என்றேன். அப்புறம் சிரித்தாள். "நான் படிச்ச புத்தகத்துல எதுலயும் இது இல்ல. நாமளே எல்லாரும் சேந்து அவரு வாய அடச்சு வச்சிருந்தோம்போல. அம்மாவப் பத்திப் பேச அவருக்கு ஆளே இல்லாமப் பண்ணிட்டோம்" என்றாள். "ஆனா மாமா, இது ஆரம்பம்தான். இதோட தீந்துச்சுன்னு நெனச்சுக்காதீங்க." எனக்கு அது பிடிக்கவில்லை. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு ஜில்லாவிலும் என்னைப் போல ஒரு டாக்டர் கிடையாது என்ற நினைப்பில் இருந்தேன்.

உன் மகள் சொன்னதுதான் சரி என்று சீக்கிரமே தெரிந்தது. ஐப்பசி பிறந்து ஒரு மதியம். நீ கம்பு இடிக்கிறபோது பாட்டுப் பாடுவாயா மாட்டாயா என்று நாங்கள் இருவரும் வழக்கடித்துக்கொண்டிருந்தோம். நடுவில் மச்சான், "அன்னைக்குக் காலையில" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். என்றைக்குக் காலை என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அவர் முகம் அப்படி மாறியது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பயந்த பார்வை, அக்கா. அந்த மனுஷன் என்னைப் பார்த்து எதற்காகப் பயப்பட வேண்டும்? எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார். அதற்கப்புறம் நான் என்ன கதை சொன்னாலும் திருத்தவில்லை. நீ ஏரோப்பிளேன் ஓட்டினாய் என்று சொல்லியிருந்தாலும் சரி என்றிருப்பார்.

அடுத்த நாளே பெரம்பலூர் ஓடினேன். சொன்னேன். பூங்கொடி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்காரவில்லை, வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அத எங்கிட்ட சொல்லமாட்டாரு மாமா. நான் அம்மாவோட பொண்ணு. உங்ககிட்டயும் சொல்லமாட்டாரு. நீங்க அம்மாவோட தம்பி. அவருக்கு என்னவோ உறுத்துது. அத நம்மகிட்ட சொல்லிட்டா நாம அவர எப்படிப் பாப்போமோன்னு பயம். நமக்கு மொகத்துல தெரிஞ்சுரும்ல? அதுக்குத்தான் மாமா வேத்தாள் வேணும். அம்மாவத் தெரியாத ஆள். அவருமேல கோவப்பட உரிமையே இல்லாத ஆள்."

எனக்கு அப்போதுதான் அந்த இரண்டு நாற்காலியின் அர்த்தம் பிடிபட்டது. உறவு அதிகமாக இருப்பதாலேயே சொல்ல முடியாமல் போகிற பேச்சு ஒன்று இருக்கிறது. அதற்கென்று ஓர் அந்நிய வீடு வேண்டியிருக்கிறது. இதை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

அவள் காகிதத்தை எடுத்து மூக்கைத் துடைத்தாள். அழாதே என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். அழுதாள். நன்றாக அழுதாள். உன்னைப் புதைத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முடியத்தான் இல்லை, ஆனாலும் நின்றேன்.

"நீ யாருகிட்டம்மா பேசுவ?" என்று கேட்டேன்.

"எனக்கும் ஒருத்தவங்க இருக்காங்க மாமா, திருச்சியில. மாசாமாசம் போயிப் பேசுவேன்."

"அவங்களுக்கு?"

"அவங்களுக்கும் ஒருத்தர் இருப்பாரு."

"அப்ப கடைசியா, யாருகிட்டயும் போகாத ஆளு ஒருத்தன் எங்கயாவது இருக்கணுமே. அது நானாத்தான் இருக்கும்."

அழுகைக்கு நடுவில் சிரித்தாள். "நீங்களும் போகணும் மாமா" என்றாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை.

அரியலூரில் தன்னைப் போலவே மனசுக்கு வைத்தியம் பார்க்கிற ஒரு சார் இருக்கிறார், நிதானமானவர், அப்பாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள். மச்சானிடம் சொன்னேன். "எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்துவிட்டார். இதை நான் எதிர்பார்த்ததுதான். நம் ஊரில் ஒருத்தர் தனக்கு வைத்தியம் என்றால் வரமாட்டார், அடுத்தவருக்குத் துணை என்றால் வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரிக்கு யாரையும் தனியாக அனுப்புகிற வழக்கம் நம்மிடம் இல்லையே.

"மச்சான், எனக்குத்தான் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. டாக்டரு எல்லாம் நல்லாருக்குன்னுட்டாரு. மனசுலதான் கோளாறுங்கறாங்க. தனியாப் போக ஒரு மாதிரியா இருக்கு. தொணைக்கு வாங்களேன்" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டேன். நடிப்பில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும். பொய் சொல்லி அப்பாவை உள்ளே தள்ளக்கூடாது, அவராகப் போனால்தான் போகவேண்டும் என்று பூங்கொடி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் தள்ளவில்லை. என் துணைக்குத்தானே கூப்பிட்டேன்?

போன வியாழக்கிழமை. மச்சான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் எனக்கு முன்னாலேயே நின்றார். வழியெல்லாம், "தண்ணி குடிக்கிறியா? ஜன்னலோரம் ஒக்காரு, காத்து வரும்" என்று என்னைப் பார்த்துக்கொண்டார். எனக்குத் திருப்தி. நம் திட்டம் பழுதில்லாமல் போகிறது என்று நினைத்தேன்.

அந்த சார் நரைத்த தலை, மெல்லிய குரல். "ம்" என்ற ஒன்றை வைத்துக்கொண்டே பிழைப்பு நடத்துகிறவர். நான் உள்ளே போய் உட்கார்ந்து, படபடப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நம் கடை, நெடுஞ்சாலையில் நமக்கு இருக்கிற மதிப்பு, உன் சாவுக்கு வந்த கூட்டம், நான் போட்ட பந்தல், வெட்டின கிடா எல்லாம் சொன்னேன். ம் என்றார். இன்னும் சொன்னேன். ம் என்றார். எனக்கே சரக்கு தீர்ந்துகொண்டு வந்தது.

அப்போது கேட்டார்: "உங்க அக்கா பேரு என்னங்க?"

சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை, அக்கா. உன் பேர் எனக்கு வாயில் வரவில்லை. கோடிப்புடவையை என் கையால்தான் உன்மேல் போர்த்தினேன். அப்போதுகூட ஒரு கண்ணால் பந்தல்காரனுக்கு ஜாடை காட்டிக்கொண்டிருந்தேன், மேளக்காரனை வரச் சொன்னேன், வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன். அன்றைக்கு எனக்கு எத்தனை வேலை! அழுவதற்கு மட்டும் நேரமே கிடைக்கவில்லை. அது அந்த அறையில் வைத்து மொத்தமாக வந்துவிட்டது. அந்த சார் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. தண்ணீரைக்கூடக் கையில் திணிக்கவில்லை, எட்டுகிற தூரத்தில் நகர்த்தி வைத்தார். நான் முடிக்கிறவரைக்கும் அவருக்கு வேறு வேலையே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்தேன். என் முகத்தைப் பார்த்து மச்சான் திடுக்கிட்டு எழுந்தார்.

"என்னா மாப்ள, உள்ள என்னா பண்ணாங்க?"

"ஒண்ணும் பண்ணல மச்சான். அக்கா பேர கேட்டாரு."

"சொன்னியா?"

"சொல்ல முடியல."

மச்சான் அந்தக் கதவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். "நான் போயிச் சொல்லிட்டு வரவா?" என்றார். நான் தலையை ஆட்டினேன், போங்கள் என்றுகூட வாயால் சொல்லவில்லை. இரண்டு எட்டு வைத்தவர் திரும்பி, "செருப்ப இங்கயே விட்டுரணுமா?" என்று கேட்டார். விட்டுவிட்டுப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம் மச்சான் குரல். வார்த்தை தெரியவில்லை, மோட்டார் தண்ணீர் இழுக்கிற மாதிரி விட்டு விட்டு வந்தது. அப்புறம் விடாமல் வந்தது. என் காது எப்பேர்ப்பட்ட காது என்று உனக்குத் தெரியும். இன்னும் ஓர் அடி நெருங்கி உட்கார்ந்திருந்தால் போதும், அந்தக் காலையில் என்ன நடந்தது, நீ என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார், எதை நினைத்து இத்தனை மாதம் நெஞ்சுக்குள் கல்லை வைத்துக்கொண்டிருந்தார் என்று எல்லாம் விழுந்திருக்கும். உன் கடைசிக் காலை. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை இல்லையா? அவரைவிட முன்னால் உன்னைத் தெரிந்தவன் நான் அல்லவா?

எழுந்து தெருவுக்குப் போய்விட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம், ஒரு சத்தமும் காதில் விழாத இடமாகப் பார்த்து நின்றேன்.

வெகு நேரம் கழித்து மச்சான் வந்தார். கண் சிவந்திருந்தது. குழாயில் முகம் கழுவி, துண்டை உதறித் துடைத்துக்கொண்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அவர் ரோட்டில் போகிற லாரிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "பசிக்குது மாப்ள" என்றார்.

ஹோட்டலில் இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அக்கா. இதில் பூச்சு ஏதும் இல்லை. வேண்டுமானால் பரிமாறினவனைக் கேள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். உன் நிலத்தில் கோரைப்புல் இன்னும் அப்படியேதான் நிற்கிறது. ராத்திரித் தூக்கம் சரியில்லை என்கிறார். நேற்றுப் போனபோது மறுபடியும் பேசாமல்தான் உட்கார்ந்திருந்தார். இது அப்படித்தான் ஏறி இறங்கி இருக்கும் என்று பூங்கொடி சொல்கிறாள். ஆனால் சார் அடுத்த வியாழக்கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார். "நான் வரேன்னு சொல்லிட்டேன்" என்று மச்சான் என்னிடம் சொன்னார். என் துணைக்கு என்று சொல்லவில்லை.

இனி உனக்கு ஒரு வாக்கு. உன்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் இட்டுக்கட்டுவேன், அதை என்னால் நிறுத்த முடியாது, நீயும் எதிர்பார்க்கமாட்டாய். அந்தக் கதவுக்குள் மச்சான் சொன்னதை மட்டும் ஒருநாளும் கேட்கமாட்டேன், ஊகித்துச் சொல்லவும் மாட்டேன். அது அவருடையது. வியாழக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு பஸ் ஏறுவேன். என் முறை வரும்போது நானும் உள்ளே போவேன். ஒருநாள் உன் பேரை அங்கே தடங்கல் இல்லாமல் சொல்லிவிட்டு வருவேன்.

உன்னோடு பிறந்தவன், உன் மகளுக்குத் தாய்மாமன்,
கோவிந்து
பாடாலூர்